யார் கை முழம்?

என் மேசைமேல் ஒரு முழம் மல்லிகை இருக்கிறது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இன்று காலை கைக்கு வந்தது. இந்த மணம் வந்தால் உன் ஞாபகமும் கூடவே வந்துவிடும். உன் அம்மா அங்கே பூ விற்றுத்தானே உன்னை டாக்டருக்குப் படிக்கவைத்தார்!

பூ வாங்கித் தந்தது யார் தெரியுமா? நம் மண்டகப்பட்டு செல்வி. "டாக்டரம்மா!" என்று நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டு ஓடிவந்தாள். ஆம், ஓடி வந்தாள். பூக்காரம்மா முழம் போட்டதும் சண்டை பிடித்தாள்: "இன்னாம்மா, உன் கை இத்தினியூண்டு இருக்குது! என் கையால அளந்து குடு." எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அன்று ஆபரேஷன் தியேட்டரில் நீ பேசியதும் இதே முழக் கணக்குத்தான்.

விழுப்புரத்தில் நீ அறுவை சிகிச்சை செய்வாய், நான் மயக்க மருந்து கொடுப்பேன். செல்வி நம்மிடம் வந்தபோது உடல் பருத்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். சர்க்கரை ஊசிக்கும் அடங்கவில்லை. களையெடுக்கக் குனிய முடியாதவளை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் முன்பகுதியைச் சாப்பாடு தாண்டிப் போகும்படி இணைக்கும் பைபாஸ்தான் வழி என்றாய். எவ்வளவு தாண்டுவது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு நீளம் உண்டு. அதை அளந்து, இணைத்து, வெளியே வருவதுதான் வழக்கம். பெரும்பாலானோருக்கு அது போதும் என்று நீயும் ஒப்புக்கொள்வாய். ஆனால் மிச்சக் குடல் எவ்வளவு என்று பார்க்காமல் மட்டும் உன் கை நிற்காது.

அன்று துளைவழி அறுவைக்காகக் காற்று நிரப்பிய வயிறு செல்வியின் நுரையீரலை நெருக்கிக்கொண்டிருந்தது. என் கண் அவள் மூச்சையும் நாடியையும் காட்டும் திரையில். "ஜல்தி முடிடி. வழக்கமான அளவு போட்டுட்டு வா" என்றேன்.

"தாங்குவாளா, மாட்டாளா? அதை மட்டும் சொல்லு."

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவா."

"அது போதும். எங்கம்மா முழத்துக்கும் பக்கத்துக் கடை முழத்துக்கும் நாலு விரக்கடை வித்தியாசம் வரும். பூவுன்னா போவுது. இது கொடலுடி. இவ கொடலை இவ முழத்துலதான் அளக்கணும்."

குடலை நோகாமல் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிவரை அளந்தாய். நான் திரையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வியின் சிறுகுடல் நாம் நினைத்ததைவிட மிகவும் குட்டை. பொது நீளத்தையே அவளுக்கும் வைத்திருந்தால், சத்தை உறிஞ்ச மிச்சக் குடல் போதாமல் அவள் உருக்குலைந்து போயிருப்பாள். நீ தாண்டும் நீளத்தைக் குறைத்து இணைத்தாய். முடித்ததும் என்னைப் பார்த்து, "இப்ப நீ மூச்சு விடலாம்டி" என்றாய். என் சிநேகிதி என்று அன்று ஊர் முழுக்கச் சொல்லத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

காலையில் செல்வி சொன்னாள்: "கேப்பைக் கூழு ஒரு டம்ளர், முட்டை, நீங்க குடுத்த மாத்திரை, எல்லாம் கரெக்டா போய்க்கினு இருக்குது. வயல்ல மல்லாட்டைச் செடி புடுங்குறதுல என்னை எவளும் முந்த முடியாது. ஆமா, நம்ம பெரிய டாக்டரம்மா எப்படி இருக்காங்க?"

அவளுக்குத் தெரியாது. புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனதைச் சொன்னேன். உடனே அவள் பூக்காரம்மாவிடமிருந்து சரத்தை வாங்கி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை தானே இழுத்து அளந்தாள். "இது அவங்க போட்டோவுக்கு" என்று என் கையில் வைத்தாள்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் இளம் சர்ஜன் தம்பி கெட்டிக்காரர்தான். இன்று மதியம் இன்னொரு பைபாஸின் நடுவே, "மேடம், நேரமாவுது, வழக்கமான நீளமே போட்டுடட்டுமா?" என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். "இவங்க நல்லா தாங்குவாங்க. கடைசிவரைக்கும் அளங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தது உன் குரல். எனக்கே பெருமையாக இருந்தது.

பூவை உன் படத்துக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டத்தைத் தாண்டி நீளமாகத் தொங்குகிறது. செல்வியின் முழம் அது. வெட்டவில்லை.