ஊதா மூடிக் குழாய்

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தான் எழுதுகிறேன். போனில் என் எண்ணை நீ அடைத்து வைத்திருப்பதால் தபாலை நம்ப வேண்டியதாயிற்று. நலம்தானே? உன் அக்காவுக்கு முட்டிவலி. எனக்கு வழக்கமான சர்க்கரை. லேபை நானே திறந்து நானே பூட்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குட்டி பயோடெக்னாலஜி முடித்துவிட்டாள். வகுப்பில் முதல். ரத்தப் பரிசோதனை கிட் செய்யும் கம்பெனி என்றால் இந்தப் பக்கம் உன்னுடையதுதான். சித்தியிடம்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

பழைய கதையை மனதில் வைத்துக்கொள்ளாதே. அன்று நம் லேபில் ஒரு பெரியவரின் ரத்தத்தை எடுத்து அப்படியே போட்டுவிட்டு, பல்வலி என்று நீ கிளம்பிப் போனாய். ரிப்போர்ட் தப்பாக வந்தது. நான் கோபத்தில் உன்னை வெளியே அனுப்பினேன். அதனால்தானே இன்றைக்கு முதலாளியாக உட்கார்ந்திருக்கிறாய்? ஒருவகையில் நான் செய்தது நல்லதுதான்.

அன்புடன்,
அத்தான்

பிப்ரவரி 20

அத்தானுக்கு,

வணக்கம். நான் வியாபாரி. நல்ல சரக்கு வாசலுக்கு வந்தால் யார் அனுப்பியது என்று பார்க்கமாட்டேன். குட்டியை அனுப்புங்கள்.

நான் முதலாளியானதில் உங்கள் பங்கைச் சொன்னீர்கள். மறுக்கவில்லை. தப்பான ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் மருந்து ஏற்ற, அந்தப் பெரியவர் இதயம் நின்று, பிழைத்து எழுந்தார். அவருடைய மகன்கள் லேபுக்கு வந்து நின்றபோது, "இவதான் பண்ணா, இவளையே கேளுங்க" என்று தெருவே பார்க்க என் பக்கம் கை நீட்டினீர்கள். அதற்குப் பிறகு எந்த லேபும் எனக்கு வேலை தரவில்லை. டெக்னீஷியனாக விடாத இடங்களுக்குள் குழாய் விற்கிறவளாக நுழைந்தேன். முதலில் விற்றது ஊதா மூடிக் குழாய்தான். பொருத்தமாக இல்லை?

அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். உங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் எனக்கு அழைப்பு வரவில்லை. குட்டி வளர்ந்ததை போட்டோவில் பார்த்தேன்.

எங்கள் வழக்கம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேனேஜரோ பாட்டில் கழுவுகிறவரோ, யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் ஒரு பாடம் உண்டு. அவரவர் ரத்தத்தை சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம், ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் எடுப்போம். ஊதாவில் ரத்தம் உறையாமலிருக்க, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொட்டாசியம் உப்பு போட்டிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதிலிருந்து சிவப்பில் சிறிது ஊற்றி மெஷினில் வைப்போம். பொட்டாசியம் எகிறும், கால்சியம் காணாமல் போகும். ஏன் என்று அவர்களே சொல்ல வேண்டும். குட்டியும் சொல்வாள். கெட்டிக்காரப் பெண்.

சின்னவள்

மார்ச் 1

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. குட்டி பெட்டி கட்டிக் கிளம்பிவிட்டாள், தடுக்க வழி தெரியவில்லை. அவளுக்கு அந்தப் பாடம் வேண்டாம். கணக்கில் போடு, விற்பனையில் போடு. ரத்தம் பார்த்தால் அவளுக்கு மயக்கம் வரும்.

நீ எதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறாய் என்று புரிகிறது. அந்தப் பெரியவருக்கு நரம்பே கிடைக்கவில்லை. நீ எடுத்து வைத்த சிவப்புக் குழாயில் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. மறுபடி குத்த மனம் வரவில்லை. ஊதாவில் நிறைய இருந்தது, அதிலிருந்து ஊற்றிவிட்டேன். ஊற்றினால் இப்படி ஆகும் என்று அப்போது சத்தியமாக எனக்குத் தெரியாது.

லேப் வேண்டுமா, எழுதித் தருகிறேன். மன்னிப்பு வேண்டுமா, இதோ கேட்கிறேன், நம் இருவருக்குள் இருக்கட்டும். இந்த வீட்டில் என்னைப் பெரிய ஆளாக நினைக்கிறவள் அவள் ஒருத்திதான். அதை மட்டும் எடுத்துவிடாதே.

உன்,
அத்தான்

மார்ச் 14

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்தபோது குட்டி சேர்ந்து பாடமும் முடிந்துவிட்டது. மயக்கமெல்லாம் வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டினாள்.

மெஷினிலிருந்து முடிவு வந்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள், இந்தக் கணக்குக்கு நாம் செத்து ரெண்டு நாள் ஆகியிருக்க வேண்டும் என்று. அவள் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போகும்வரை இருந்து என்னிடம் வந்தாள்.

"சித்தி, ரத்தத்தை ரொம்ப நேரம் சும்மா போட்டு வச்சா இப்படி ஆகுமா?"

"பொட்டாசியம் ஏறும். கால்சியம் அசையாது" என்றேன்.

கை கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

"அப்பா அந்தக் கதையை எப்பவும் சொல்வாரு. ரிப்போர்ட்ல கால்சியம்கூட தரைக்குப் போயிடுச்சு, அவ்வளவு அலட்சியம்னு. நீங்க போன பிறகு அவர் ஒருத்தரேதான் இருந்து அந்த டெஸ்ட்டை ஓட்டினாருன்னும் சொல்வாரு."

நான் எதையாவது சொல்லிக்கொடுக்க என்ன தேவை? வருவோர் போவோரிடமெல்லாம் என் லட்சணத்தைச் சொல்லிச் சொல்லி, உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே வளர்த்து வைத்திருந்தீர்கள். அதுவும் சொந்த வீட்டில், சோறு போட்டு.

தெரியாமல் ஊற்றியதை நான் அன்றே மன்னித்திருப்பேன். குழாயில் ரத்தம் குறைந்தால் எந்த டெக்னீஷியனுக்கும் கை அரிக்கும். தெரிந்த பிறகும் நீட்டிய கையை மடக்கவில்லையே, அதற்குத்தான் இது. கை நீட்டியது தெரு பார்க்க, மன்னிப்பு மட்டும் கவருக்குள்ளா? உங்கள் லேபும் வேண்டாம். அங்கிருக்கும் பழைய மெஷினை இப்போது யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்குவதில்லை.

அக்கா நேற்று போன் செய்தாள். குட்டி சொல்லியிருக்கிறாள். அக்கா அழுதாள். வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சுகமாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

குட்டி இப்போதைக்கு வீட்டுக்கு வரமாட்டாள். என் மாடி அறையில் இருக்கிறாள். புதிதாக வருகிறவர்களுக்கு இனி அந்தப் பாடத்தைத் தானே நடத்துவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெறும் எண்ணைக் காட்டினால் மறந்துவிடுவார்கள், கதையோடு சொன்னால்தான் நிற்கும் என்றாள். யார் கதை என்று சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு லேப்காரர்" என்றாள்.

சின்னவள்