கொல்லைச் சுவரைப் பார்க்க மேஸ்திரி வருகிறார்

மகாதேவி,

சோறு வடித்துவிட்டேன். ரசத்தில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை, பார்த்துக்கொள்.

பத்து மணிக்குத் திருமலைச்சாமி மேஸ்திரி வருகிறார். ஆறு வருஷமாகச் சித்தாளாகச் சட்டி சுமந்த உன்னைக் கொத்தனார் வேலைக்குப் பழக்குவாராம். பழகுகிற மாதங்களுக்கும் சம்பளம் உண்டாம். அதற்கு முன்னால் நீ தனியாகக் கட்டிய கொல்லைச் சுவரைத் தூக்குக்குண்டு விட்டு, நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"உங்க வாயாலயே இந்தச் சோலியும் போயிரும் மாமா" என்று நேற்று நீ கோபப்பட்டது நியாயம்தான். அந்தச் சுவரில் காட்டுமாடு முதுகு சொறிந்தது, சுவர் அசையவில்லை, மாட்டுக்குத்தான் சுளுக்கு என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் கிழவன் விட்ட கதை என்று சொல்லிவிடு.

வீட்டில் இருந்தால் அந்த மாட்டை நொண்ட வைத்துவிடுவேன். அதனால் மன்னவனூர் பஸ்ஸில் போகிறேன். அவர் கிளம்பிய பிறகு போன் போடு, வருகிறேன்.

மாமா

சாவி பால் சட்டிக்கு அடியில்.

இன்னொன்று. வெள்ளனே எழுந்து நானே குண்டு விட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை நூல் மயிரிழைகூட விலகவில்லை. என் வாயால் சொன்னால் இதையும் நம்பமாட்டார். அவரே பார்க்கட்டும்.