கூவிளந்துறை அலைக்காப்புத் தகடு குறித்து நாடாள்வார்க்கு விடுத்த ஓலை

வெற்றி நிலைபெறுக. எழில்வரை நாடு புரக்கும் செழுங்கதிர் வேந்தரின் திருவாய்மொழியால், தலையமைச்சர் ஆதன் பெருநம்பி, கருங்கோட்டு நாடாள்வார் பெருஞ்சேந்தர்க்கு விடுக்கும் ஓலை. உம் மலைகளில் மழை தவறாது பெய்க. உம் குடிகள் நோயின்றி வாழ்க. குடிகளின் நலம் குறித்தே இவ்வோலை எழுதலாயிற்று.

உம் எல்லையிலுள்ள கூவிளந்துறையில் கைபேசிக் கோபுரம் எழுந்த நாள்முதல், அதன் அலை தலையைத் துளைக்கிறது என்றும் ஊரார் உறக்கம் கெட்டது என்றும் பேச்சு எழுந்ததை நீரே எழுதியிருந்தீர். அடுத்த திங்களே அந்துவன் என்னும் வணிகன், கைபேசியின் முதுகில் ஒட்டும் அலைக்காப்புத் தகட்டை அவ்வூர்ச் சந்தையில் இறக்கினான். அச்சமும் அதற்கான மருந்தும் இவ்வளவு அடுத்தடுத்து வந்தது எமக்கு உறுத்தியது. ஆகவே உமக்கு அறிவியாமல், அலை அளக்கும் அதிகாரி அல்லியங்கோதையை அனுப்பினோம். அவள் கண்டதை இனிக் கேளும்.

ஊரில் ஒருவரும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. சந்தை நடுவே கருவிப் பெட்டியைத் திறந்த பிறகுதான் கூட்டம் சூழ்ந்தது. படகோட்டும் பொன்னம்மை என்பாள் முன்னே வந்து நின்றாள்.

"நீங்க கோபுரத்துக்காரங்க ஆள்தானே? பெட்டிய முன்னாடியே சரிபண்ணித்தானே கொண்டாந்திருப்பீங்க?"

அல்லியங்கோதை சினக்கவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றியது. "அப்படின்னா நீங்களே பிடிச்சு அளங்க. எண்ணை மட்டும் உரக்கப் படிங்க" என்று கருவியை அவள் கையிலேயே கொடுத்தாள்.

கோபுரத்தின் அடியிலும் பள்ளி முற்றத்திலும் படித்துறையிலும் பொன்னம்மை அளந்தாள். வேந்தர் விதித்த வரம்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அலை எங்கும் எட்டவில்லை. பிறகு தகடு ஒட்டிய அவளுடைய கைபேசியிலேயே அவளைப் பேசச்சொல்லி, காதருகே கருவியைப் பிடித்தாள் அல்லியங்கோதை. எண் சரசரவென்று ஏறியது. தகட்டை உரித்துவிட்டுப் பேசச்சொன்னாள். எண் பாதிக்கும் கீழே இறங்கியது. கூட்டத்தினர் இன்னும் ஆறு கைபேசிகளை நீட்டினர். ஆறிலும் அப்படியே.

"தகடு அலையோட வழிய அடைக்குது. கோபுரத்துக்கு எட்டலைன்னா, கைபேசி இன்னும் பலமா அலையை அனுப்பும். அது உங்க தலைக்குப் பக்கத்துலதான் நடக்குது" என்று அவள் விளக்கினாள்.

பொன்னம்மை உரித்த தகட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போன மாசம் எங்க வீட்டுக்காரரைப் பாம்பு கடிச்சுது. வைத்தியருக்குப் பதினோரு தடவை அடிச்சேன், போகவே இல்ல. கோபுரத்தைத்தான் திட்டினேன்" என்றாள். அவள் கணவன் உயிர் பிழைத்தான். வலக்காலை எடுக்கவேண்டி வந்தது.

இதை எதை நம்பி ஒட்டினீர்கள் என்று அல்லியங்கோதை கூட்டத்தாரைக் கேட்டாள். ஒருத்தி தகட்டின் உறையைக் கொண்டுவந்து காட்டினாள். "கருங்கோட்டு நாடாள்வார் முன்னிலையில் அளந்து மெய்யெனக் கண்டது" என்று அதில் அச்சிட்டிருந்தது. கீழே உமது முத்திரை. அதை அவள் இருமுறை படித்தாள். ஏனெனில், இந்நாட்டில் அலை அளக்கும் கருவி ஒன்றே ஒன்று. ஐந்தாண்டுகளாக அது அவள் பொறுப்பில் இருக்கிறது. உம் எல்லைக்குள் அது வந்தது இதுவே முதன்முறை.

அன்று பிற்பகலே உம் அவைக்கு வந்து அவள் கேட்டபோது, வணிகன் சொல்லை நம்பியதாகவும், குடிகளின் அச்சம் தணியட்டும் என்றே முத்திரை தந்ததாகவும், உம் இல்லத்தாரும் அத்தகட்டையே ஒட்டியிருப்பதாகவும் நீர் உரைத்தீர். உம் நரைக்கும் உம் தணிந்த குரலுக்கும் மதிப்பளித்து, அவள் பாதி நம்பவும் செய்தாள்.

அப்போது உம் கைபேசி ஒலித்தது. அதன் முதுகில் தகடு இல்லை. ஒட்டி உரித்த தடமும் இல்லை. நீர் அதைக் காதில் வைக்கவுமில்லை. மேசைமேல் தள்ளிவைத்து, ஒலிபெருக்கியில் பேசினீர்.

அறியாமல் பிழை செய்தீர் என்று எழுத எமக்கு இடம் வைக்கவில்லை நீர்.

ஆகவே ஆணையாவது: தகடுகள் அனைத்தும் மீட்கப்படுக; அந்துவன் காவலில் வைக்கப்படுக. படித்துறையில் ஊர் கூட்டி, நீர் உமக்கென வைத்துக்கொண்ட வழக்கத்தை உம் வாயாலேயே குடிகளுக்கும் சொல்லும். நெடும்பேச்சுக்குக் கைபேசியைக் காதிலிருந்து தள்ளி வைக்கவேண்டும், அல்லது கம்பி வைத்த காதொலிப்பானில் பேசவேண்டும் என்றும், அலை மெலிந்த இடத்தில் பேச்சைக் குறைக்கவேண்டும் என்றும் கூறும். இவ்வலையால் நோய் வரும் என்று அறிஞர் நிறுவவில்லை என்பதையும் மறையாது சொல்லும். அச்சத்தை விற்றது போதும்.

பின்னர் முத்திரை மோதிரத்தை அல்லியங்கோதையிடம் ஒப்படைத்து, தலைநகர் வந்து வேந்தர் திருமுன் நில்லும். ஆறு கடக்கப் பொன்னம்மையின் படகு அமர்த்தப்பட்டுள்ளது. உறையில் இருந்த முத்திரை யாருடையது என்பது அவளுக்குத் தெரியும்.

வேந்தர் கேட்க வாசித்து, அரக்கிட்டு, மலைச்சின்னம் பொறித்தோம். கண்டவுடன் புறப்படுக.