ஒன்பது முறை செத்த அக்கா

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் புது நாவல் வந்து சேர்ந்தது. குடிநீர் நிலையத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரே மூச்சில் படித்தேன். மறுபடியும் என்னைச் சாகடித்திருக்கிறாய். இது ஒன்பதாவது முறை. விண்கலம் உடையும், எல்லாரும் தப்பிப் போவார்கள், வால்வைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி மட்டும் உள்ளே நிற்பாள். என் கன்னத்து மச்சத்தைக்கூட நீ விட்டுவைக்கவில்லை! “என்னக்கா, இந்தத் தடவையும் போய்ச் சேந்துட்டீங்களா?” என்று ஃபிட்டர் சிரிக்கிறார். ஊரே உன்னை மேதை என்கிறது. இருந்துவிட்டுப் போ.

விஷயத்துக்கு வருகிறேன். என் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். அதன்பின் பத்து நாள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஞாபகம் சுத்தமாகப் போய்விட்டது. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துவிடுகிறார். என்னைத் தவிர வேற்றாள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்குவதில்லை. பதினைந்து வருடமாக உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. பத்தே பத்து நாள் வந்து அப்பாவோடு இரு.

அக்கா

மார்ச் 9

என் உயிரான அக்காவுக்கு,

உன் கோபத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். பதினேழாம் தேதி எனக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது தருகிறார்கள். அதையொட்டி மூன்று ஊர்களில் கூட்டம். எப்படி மறுப்பது, நீயே சொல். கைதேர்ந்த நர்ஸ் ஒருத்தியை அனுப்புகிறேன். அப்பா இரண்டே நாளில் பழகிவிடுவார்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. பத்தாவது நாவலின் கடைசி அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். இந்தத் தடவை நீ சாகவில்லை! பாதி வழி போன கேப்டன் விண்கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து உன்னைக் காப்பாற்றுகிறான். விடிய விடிய உட்கார்ந்து எழுதினேன் அக்கா. புத்தகமே உனக்குத்தான் சமர்ப்பணம்.

உன் செல்லத் தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கேப்டன் வந்தானாம், கப்பலைத் திருப்பினானாம்! எழுத வெட்கமாக இல்லை உனக்கு?

நர்ஸ் நல்ல பெண்தான். அவள் நீட்டிய தட்டை அப்பா விசிறியடித்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் பட்டினி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் நானே எழுந்து போய் ஊட்டினேன். தையல் பிரிந்து மறுபடி நாலு நாள் ஆஸ்பத்திரி. அந்த நாலு நாளும் அப்பா வாசற்படியை விட்டு நகரவில்லையாம்.

நீ மேடையில் பேசியதைப் பக்கத்துக் கட்டில்காரி போனில் காட்டினாள். “தியாகம்னா என்னன்னு என் அக்காகிட்டதான் கத்துக்கிட்டேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தியாகம் செய்யவில்லையடா. நீ வரவில்லை, அதனால் நான் இருந்தேன். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ரயிலில் அப்பாவைக் கூட்டிவருகிறேன். உன் வீட்டில் விட்டுவிட்டு மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். நான் வந்து கூட்டிப்போகும்வரை அவர் உன்னோடுதான். கூட்டம், விருது என்று பதில் எழுதாதே, பிரிக்க மாட்டேன்.

உன்னையும் அவருக்கு அடையாளம் தெரியாது. முதலில் தட்டை எறிவார். பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி ஊட்டு. கத்தினால் பயந்துவிடுவார். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுவார். சனிக்கிழமைக்குள் உன் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிடு.

அக்கா