அப்பா பேரு போட்ட கை

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

நாளைக்குக் காலையில அப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன். ரெண்டு பாட்டில் ரத்தம் கேட்டாங்க. ஒண்ணு என் தோஸ்த் செல்வம் குடுத்துட்டான். இன்னொண்ணு நான்தான்னு கெத்தா போயி நின்னேன்.

நர்ஸ் என் கையத் திருப்பிப் பாத்துட்டு, டாட்டூ எப்ப போட்டேன்னு கேட்டா. போன மாசம்னேன். அப்ப ஒரு வருஷத்துக்கு ரத்தம் எடுக்க மாட்டாங்களாம்.

"எங்கப்பா பேருதான் சிஸ்டர்."

"யாரு பேரா இருந்தாலும் அதே ரூல்தான். அடுத்த ஆள் வா."

இதப் போட்டுட்டு வந்த அன்னைக்கு அப்பா என்ன எழுதிருக்குன்னு கூட பாக்கல. "ஏலே, மாட்டுக்குத்தாம்ல சூடு போடுவாவ. நீ எவன் வீட்டு மாடு?"ன்னாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட பேச்சே இல்ல.

வார்டுக்குப் போற முன்னாடி கீழ மெடிக்கல்ல பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி முழங்கை மடிப்புல ஒட்டிக்கிட்டேன். அப்பா அதத் தடவிப் பாத்தாரு. ரெண்டு விரல் கீழதான் அவரு பேரு.

"வலிச்சுதால?"ன்னாரு.

ஆமான்னேன்.

பதினாறு பேருக்கு போன் போட்டாச்சு. ஒருத்தனும் வரேன்னு சொல்லல. பிளாஸ்திரிய இன்னும் பிய்க்கல.