அது வருமானம் அல்ல, அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நீ என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை நான்கு:

1. வரி அலுவலகம் உனக்கு அனுப்பிய நோட்டீஸ் என்ன சொல்கிறது.
2. காப்பீட்டுக்காரர்கள் திருப்பித் தந்த பணம் ஏன் வருமானம் ஆகாது.
3. அதில் ஒரு காசுக்கும் வரி கிடையாது.
4. உனக்காகப் பேச நான் ஏன் சரியான ஆள் இல்லை.

முதலாவது. உன் வங்கிக் கணக்கில் பெரிய தொகை வந்திருக்கிறது, அதை நீ வரிக் கணக்கில் காட்டவில்லை, ஆகவே அது 'மறைத்த வருமானம்' என்கிறார்கள். பதினெட்டாம் தேதி நேரில் விளக்க வேண்டும்.

இரண்டாவது. அறுவை சிகிச்சைக்கு முதலில் உன் சேமிப்பிலிருந்துதான் கட்டினாய். எட்டு மாதம் கழித்து அது காப்பீட்டிலிருந்து திரும்பி வந்தது. பேருந்தில் குடையை விட்டவர் மறுநாள் பணிமனைக்கு வந்து வாங்கிப் போவார். அவர் ஒரு குடை சம்பாதித்தார் என்று நாங்கள் எழுதிக்கொண்டதில்லை. முப்பது வருடம் பேருந்து நேர அட்டவணை போட்டவனுக்கு வேறு உவமை வராது.

மூன்றாவது, இரண்டாவதிலிருந்தே பெறப்படும்.

நான்காவது. அதிகாரி பெயரைக் கேட்டாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நல்ல ஆடிட்டராகப் பார். ஏதேனும் தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

முட்டி இருக்கு, நடக்கத்தான் மாட்டேங்குது. ரெண்டு பக்கம் எழுதிக் கடைசியில 'பயமா இருக்கு'ங்கற. அதை மேலேயே எழுதியிருந்தா மை மிச்சம்.

ஆடிட்டருக்கு என்னைத் தெரியுமாடா? நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸ். பதிவேட்டுல என் கையெழுத்து இருந்தா டாக்டரே மறுபடி பார்க்க மாட்டார். வரின்னு கேட்டா பணத்தை விட்டெறிஞ்சிட்டுப் போவேன். 'மறைத்த'ன்னு எழுதியிருக்காங்களே, அதுதான் தொண்டையில முள்ளா நிக்குது. அந்த வார்த்தை போகணும்.

ஆபீஸ் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நீதான் போற. சின்ன வயசுல உன் பென்சிலைப் பிடுங்கினவன்கிட்ட எல்லாம் யார் போனது? போற இடத்துல தலையாட்டி எதையாவது ஒத்துக்கிட்டு வந்து நின்னா, என் வீட்டுல சோறு கிடையாது.

கட்டம் போட்ட சட்டை வேண்டாம். படுக்கை விரிப்பு நடந்து வர்ற மாதிரி இருக்கு.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனேன். வெள்ளைச் சட்டைதான்.

காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கட்டி எடுத்துப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். சும்மா இருக்க முடியாமல் உன் போன வருடப் படிவத்தை மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அறுவைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து காலுக்குப் பயிற்சி கொடுத்தவரின் கட்டணத்தை, மருத்துவச் செலவு என்று நீ வருமானத்திலிருந்து கழித்திருக்கிறாய். அன்றைக்கு அது சரி. பிறகு காப்பீட்டுக்காரர்கள் அதையும் தந்துவிட்டார்கள். ஒரே செலவுக்கு வரியும் குறைந்து பணமும் வந்தால், அந்த அளவுக்கு அது வருமானம்தான்.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி என் மகள் வயதுப் பெண். "நீங்க அவங்க ஆடிட்டரா?" என்றார்.

"இல்லைங்க. தம்பி."

குடையைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார். மருத்துவமனை ரசீதுகளையும் காப்பீட்டுக் கடிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதான், இது வருமானத்துல வராது. ஃபைலை மூடிடலாம்" என்று பேனாவை எடுத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அது எனக்குக் கைவந்த கலை என்று உனக்கே தெரியும். ஆனால் அப்படி எழுந்து வந்தால், அதுவரை பொய்யாக இருந்த 'மறைத்த' என்ற அந்த வார்த்தை அந்த நிமிடமே உண்மையாகிவிடும்.

"ஒரு நிமிஷங்க. பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டும் வரி உண்டு. போன வருஷமே அதைக் கழிச்சிருக்கோம்."

அவர் படிவத்தைப் புரட்டினார். "நான் கவனிக்கவே இல்லையே. நீங்களா சொல்றீங்க?"

"எங்க அக்கா ஒரு தடவை ஒரே ஒரு மாத்திரை கணக்குல இடிக்குதுன்னு ராத்திரி டூட்டி முடிஞ்சும் மத்தியானம்வரை வீட்டுக்கு வரலைங்க. கட்டிலுக்கு அடியில கிடைச்ச பிறகுதான் வந்தாங்க. அவங்க அனுப்பி நான் வந்திருக்கேன்."

அவர் 'மறைத்த வருமானம்' என்ற இரண்டு சொற்களையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார். அபராதம் இல்லை. நகலை இணைத்திருக்கிறேன். கட்ட வேண்டிய சிறு தொகைக்குச் சலானும் இருக்கிறது.

மூன்று மாடியும் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினேன், அக்கா.

சோற்றை வெளியில் பார்த்துக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டு இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன், வேண்டாமென்று கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: முதல் கடிதத்தில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

உன் தம்பி