கோபால் கற்றுத் தருமிடம்

செவ்வாய், நவம்பர் 12

எங்கள் ஆபீஸில் பென்ஷன் கணக்கு முழுக்க கோபால் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில்தான் ஓடுகிறது. அது தெரிந்த ஒரே மனிதர் மார்ச்சில் ரிட்டையர் ஆகிறார். அவருக்கு அப்புறம் நான்தானாம். எங்கேயாவது கற்றுக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரமாக இந்த வடக்கத்தி ஊரெல்லாம் போன் செய்கிறேன். ஒரு இன்ஸ்டிட்யூட்டில், "கோபால் சாரா? அவர் இங்கே இல்லையே மேடம்" என்றாள் ஒரு பெண். இன்னொருவன் ஏ.ஐ. கோர்ஸைத் தவிர வேறெதுவும் பேச மறுத்தான். கடைசியில் லக்ஷ்மி நகரில் ஒரு இடத்தில் "அச்சா, இருக்கு, வாங்க" என்றார்கள்.

இன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் மாதிரி வகுப்பில் உட்கார்ந்தேன். இளவயது வாத்தியார் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். எதைக் கேட்டாலும், "அது அடுத்த பேட்ச்சில் வரும்" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்று, என் வீட்டுக்காரரிடம் போனில் தமிழில் பொரிந்து தள்ளினேன்.

"அக்கா, தமிழா நீங்க? நான் மதுரைப் பக்கம்."

பின்னால் அதே வாத்தியார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்க சேராதீங்கக்கா. எனக்கே இது தெரியாது. வீடியோ பாத்துட்டு வந்து நடத்துறேன்" என்றார்.

"அப்ப நான் எங்கதான் போறது?"

"தெரியலக்கா. நல்ல எடம் கெடைச்சா சொல்லுங்க, நானும் வந்து சேந்துக்கிறேன்."

நம்பரை வேறு கொடுத்தார். திட்டக்கூட முடியவில்லை. கோர்ஸில் சேர்ந்தாயிற்றா என்று நாளை ஆபீஸில் கேட்பார்கள். தேடுவதற்கு இன்னொரு ஆள் சேர்ந்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.